வஸ்தாதின் தம்பி

1

ஆடி மாதத்தில் ஒரு நாள், நான் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையின் ஸ்டோரில் சின்னதாக ஒரு சண்டை. ஒரு பெட்டி போல்ட்டை யார் முதலில் வாங்குவது என்று இரண்டு வெல்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கப் போன என் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. ஃபோர்மன் செல்லையா ஓடிவந்து பிரித்துவிட்டார். உயரமானவனைக் காட்டி என்னிடம், "அவன் ஒரு சம்செங் லா. அவன்கிட்டல்லாம் வாய் குடுக்காதே தம்பி" என்றார்.

செல்லையா சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டிருக்கும். சம்செங் என்பது இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் பொதுவான வார்த்தை. அடிதடிக்காரன் என்று அர்த்தம். புது வார்த்தை ஏதாவது காதில் விழுந்தால் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். 'சம்செங் – வஸ்தாது' என்று எழுதினேன். சரியாகப் படவில்லை. அடித்துவிட்டு 'ரவுடி' என்று மாற்றினேன். வஸ்தாது வேறு.

அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பினால், பம்மலிலிருந்து அண்ணனின் நீலக் கடிதம் கதவிடுக்கில் செருகியிருந்தது. அண்ணனுக்கு எழுதத் தெரியாது. அவன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுவார். அந்த அம்மாள் ஒரு எழுத்தையும் திருத்த மாட்டார் என்பதால், கடிதத்தைப் பிரித்ததும் அண்ணன் எதிரே வந்து நின்று பேசுவது போலவே இருக்கும்.

"கோயிந்தா, நல்லா கீறியா? அம்மா நல்லா கீது. எனக்குப் பொண்ணு பாத்துட்டாங்க. கேளம்பாக்கம். பொண்ணோட நைனா உப்பளத்துல மேஸ்திரி. ஆவணியில கல்யாணம். மாமனாரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. படிச்ச தம்பி சிங்கப்பூர்ல கீறாருன்னு சொன்னீங்களே, பத்திரிகையில அவுரு பேரு வரும் இல்லன்னு. கேட்டுச் சொல்றேன்னு சொல்லிகீறேன். உன் பேரு அச்சுல வந்தா அங்க உனக்கு எதுனா பேஜார் ஆவுமா? ஆவும்னா வாணாம். அவுருகிட்ட நான் எதுனா சொல்லிக்கிறேன். நீ மனசுல வச்சிக்காத."

தன் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயரைப் போடலாமா என்று அண்ணன் அனுமதி கேட்கிறான். அப்படிக் கேட்கும்படி அவனை வைத்தவன் நான். பதில் எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

2

ஊரில் இருப்பவர்களுக்கு வஸ்தாது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே வந்து மூன்று வருஷமாக அந்த வார்த்தையை ஒருவர் வாயிலும் கேட்காததால், எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பம்மலில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு வரும் உருது பேசும் வியாபாரிகள், கற்றுக் கொடுக்கிறவரை உஸ்தாத் என்பார்கள். எங்கள் வாயில் அது வஸ்தாது ஆயிற்று. குஸ்தியும் சிலம்பமும் சொல்லித் தருகிறவர்தான் முதலில் வஸ்தாது. பிறகு கோதாவில் இறங்கி ஜெயித்தவன் வஸ்தாது. அதற்கும் பிறகு கோதாவையே பார்க்காமல் தெருவில் ஜெயித்தவனும் வஸ்தாது.

பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் பஸ் படியில் தொங்குகிறவனை கண்டக்டர் கேட்பார்: "இன்னா சார், பெரிய வஸ்தாதா நீ? உள்ள ஏறி வாய்யா." தெருக்குழாயில் பெண்கள்: "அவ வஸ்தாதும்மா. அவ குடத்த நவுத்திட்டு நீ தண்ணி புடிச்சிடு பாக்கலாம்." பிறந்து பத்து நாளான குழந்தை காலை உதைத்தால், பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "தோ பார்றா, வஸ்தாது வந்துட்டாரு!" தேர்தலுக்கு முன்பு போலீஸ்காரர் தெருவில் நின்று சத்தம் போடுவார்: "வஸ்தாதுங்கல்லாம் சாயங்காலம் ஸ்டேஷன் வாசல்ல வந்து குந்துங்கடா."

ஒரே வார்த்தைதான். கொஞ்சுவதற்கும் அதுதான், அதட்டுவதற்கும் அதுதான். ஆனால் ஒரு நியதி உண்டு. யாரும் தன்னைத்தானே வஸ்தாது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் தெருவே சிரிக்கும். அது மற்றவர்கள் கொடுக்க வேண்டிய பெயர். ரவுடி என்பது வெளியாள் சொல்வது. கேடி என்பது போலீஸ் எழுதுவது. வஸ்தாது என்று சொந்தத் தெருக்காரன் மட்டுமே சொல்ல முடியும்.

என் அண்ணன் ஏழுமலையை எங்கள் தெரு அப்படித்தான் கூப்பிட்டது.

3

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது பெரியவன். நைனா தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலையில் கால் புண்ணாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, பதினாலு வயதில் அதே ஷெட்டுக்குப் போனான். தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும் வேலை. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கோதா இருந்தது. வேலை முடிந்ததும் அங்கேதான் கிடப்பான். இருபது வயதில் அவன் கழுத்தும் தோளும் ஒன்றாகிவிட்டன.

இங்கே உட்கார்ந்து எழுதும்போது அவனை முழுக்க நல்லவனாக எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. கூலி வாங்க நின்ற ஒரு பெண்ணை ஷெட் மேஸ்திரி பிரம்பால் அடித்தான் என்று, அந்தப் பிரம்பையும் அவன் மணிக்கட்டையும் அண்ணன் சேர்த்து உடைத்தது உண்மை. அந்தக் கேஸில்தான் பதினோரு நாள் உள்ளே இருந்தான். போலீஸ் பட்டியலில் பெயர் ஏறியதும் அதில்தான். ஆனால் ஒரு பொங்கலன்று, தன் நடையைக் கேலி செய்தான் என்பதற்காக ஒரு பால்காரனின் பல்லைப் பெயர்த்ததும் இதே அண்ணன்தான். அந்தப் பால்காரன் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரவே இல்லை. ஒரு வருஷம் அம்மா நாகல்கேணி வரை நடந்து போய் வாங்கி வந்தாள். அண்ணன் ஒரு நாளும் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவன் பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். தாம்பரத்தில் காலேஜில் சேர அப்ளிகேஷன் கொடுக்க வேண்டும். அண்ணனும் கூட வந்தான். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினோம். வெள்ளைச் சட்டையில் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தான். காலேஜ் வாசலில் மரங்களின் நிழலில் நின்றுகொண்டு என் காதில் கேட்டான்:

"உள்ள கீறவரை சார்னு கூப்பிடணுமா, ஐயான்னா போதுமா?"

"சார்னு சொல்லுண்ணா."

"நீயே சொல்லு. நான் வாயத் தொறந்தா உனக்கு சீட்டு குடுக்க மாட்டாங்க."

ஆபீஸ் வராந்தாவில் ஒரு பியூன், "யாருப்பா அது, வழியில நிக்கிறது? அந்தாண்ட போ" என்றார். பம்மலில் அப்படிப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணனின் கைகளைப் பார்த்தேன். அண்ணன் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்று நகர்ந்து நின்றான்.

இடம் கிடைத்தது. திரும்பும்போது ரயிலில் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தான். பல்லாவரம் நெருங்கும்போது, தோல் ஷெட்டுகளின் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் கலந்த வாடை வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அண்ணன் என்னைத் தட்டி, "வூடு வந்துடுச்சி, எறங்கு" என்றான்.

இங்கே கடல் வாடையும் எண்ணெய் வாடையும் மட்டும்தான். அந்த வாடைக்காக ஏங்குகிறேன் என்று சொன்னால் செல்லையா சிரிப்பார். யாரிடமும் சொல்வதில்லை.

4

படிப்பு முடிந்து சிங்கப்பூரில் ஸ்டோர் கிளார்க் வேலைக்கு உத்தரவு வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் என்றார்கள். குடும்பத்தில் யாராவது போலீஸ் பட்டியலில் இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று கூடப் படித்தவன் ஒருவன் அடித்துச் சொன்னான். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அச்சடித்த காகிதம் எல்லாவற்றுக்கும் பயப்படுவதுதான் படிப்பு என்று அப்போது நினைத்திருந்தேன்.

ரேஷன் கார்டில் நான்கு பெயர்கள் இருந்தன. நைனா பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. அடுத்து அம்மா, அண்ணன், நான். அண்ணன் பெயரையும் நீக்கிவிட்டால் வீட்டில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். தாலுகா ஆபீசுக்கு மனுவை நானே எழுதினேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"படி, கேக்கலாம்" என்றான்.

படித்தேன். "மேற்படி ஏழுமலை என்பவர் எங்கள் குடும்பத்தை விட்டு விலகித் தனியே வசித்து வருகிறார். மேற்படியாருக்கும் எங்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை."

"நல்லா எழுதிகீற. மேற்படின்னா இன்னா?"

"மேலே சொன்ன ஆளுன்னு அர்த்தம்ணா."

"ஓ" என்றான். மைப் பெட்டியை நகர்த்தி வைத்து, "அம்மா, கைநாட்டு வையி" என்றான். அம்மா கேவிக்கொண்டே வைத்தாள்.

அன்றே ஒரு தகரப் பெட்டியில் துணிகளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விட்டான். இரண்டு மாதம் தோல் அடுக்குகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தான். சாப்பாட்டை அம்மா தூக்கில் எடுத்துக்கொண்டு போவாள். நான் ஒரு தடவையும் போகவில்லை. யாராவது பார்த்தால் என்ன செய்வது?

ஒரு காலையில் ஏட்டு சைக்கிளில் வந்தார். அம்மா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். ஏட்டு என் சர்டிபிகேட்டுகளைப் பார்த்தார். ரேஷன் கார்டைக் கேட்டார். நீட்டினேன். அதில் அண்ணன் பெயர் மேல் சிவப்பு மைக் கோடு இன்னும் பளிச்சென்று இருந்தது.

"இது இன்னாய்யா? ஏழுமலை பேரை அடிச்சி வச்சிகீறீங்க?"

"அவரு... அவரு தனியாப் போயிட்டாருங்க."

ஏட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாரு, வஸ்தாதா? வாரத்துக்கு ஒரு தபா ஸ்டேஷனுக்கு வந்து கைநாட்டு வச்சிட்டு, எங்கூட குந்திகினு டீ குடிச்சிட்டுப் போறான். தம்பி பாஸ்போர்ட்டு எப்ப ஏட்டய்யா வரும்னு உசுர வாங்குறான். நீ அவன் தம்பின்னு எனக்குத் தெரியாதாய்யா?"

ஏட்டு கார்டைத் திருப்பி என் கையில் வைத்தார்.

"அவன் அடிச்சா அவன்மேல கேஸு. உன் பாஸ்போர்ட்ட எதுக்குய்யா நிறுத்தப் போறோம்? படிச்சவன்தானே நீ?" நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார். தெருமுனை டீக்கடை வாசலில் அண்ணன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். சைக்கிள் தன்னைத் தாண்டிப் போகிறவரை அவன் திரும்பவில்லை.

அன்றைக்கே பெயரை மறுபடி சேர்த்திருக்கலாம். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பார்க்கலாம் என்றேன். வந்தது. டிக்கெட் எடுத்ததும் பார்க்கலாம் என்றேன். எடுத்தாயிற்று. துறைமுகத்தில் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன்தான் கூட நடந்து வந்தான். அப்போதும் அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

5

சிங்கப்பூரில் வேலை அனுமதிக்குக் கொடுத்த பாரத்தில், உடன்பிறந்தவர்கள் என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதினேன். இதை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. பம்மல் ஏட்டு இங்கே வரப் போவதும் இல்லை. ரேஷன் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இதிலும் இருக்கட்டும் என்று கை தானாக எழுதிவிட்டது.

அண்ணனின் கடிதம் வந்தபோது, நிரந்தரமாக இங்கே தங்குவதற்கான என் விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. மறு வாரம் வியாழக்கிழமை நேர்காணல். பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில் இருந்தது. அன்றே முத்திரை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். ஊருக்குப் போய்வர மறுநாளே கேட்டேன்; பதினைந்து நாள் லீவும் கிடைத்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் நடக்கும். பத்திரிகையில் பெயரைப் போடு என்று எழுதிவிட்டு, ஊருக்குப் போய் மணவறைப் பக்கத்தில் நிற்கலாம். பாரத்தில் எழுதியதை அண்ணன் எங்கே பார்க்கப் போகிறான்? இப்படி எட்டு நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தினமும் சாயங்காலம் நீலக் காகிதத்தை எடுத்து, 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று எழுதுவேன். 'அண்ணா' என்பதைப் பார்த்ததும் பேனா நின்றுவிடும். இந்த ஊர்க் காகிதத்தில் அவன் என் அண்ணன் இல்லை. கேளம்பாக்கத்து மாமனார் கேட்டது என் பெயரை மட்டுமா? இவனைத் தன் அண்ணன் என்று சொல்ல ஒரு படித்தவன் இருக்கிறானா என்றுதான் அந்த மனுஷர் கேட்டிருக்கிறார். போலீஸ் பட்டியலில் இருப்பவனுக்குப் பெண் கொடுக்கும் தகப்பன் வேறு எதைப் பிடித்துக்கொண்டு தைரியம் கொள்வான்? முப்பத்தாறு வயது வரை அண்ணனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. வஸ்தாது என்று கூப்பிட்ட தெருவில்கூட ஒருவரும் முன்வரவில்லை.

வியாழக்கிழமை, கவுண்டரில் வயதான சீனப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"ஒரு திருத்தம் இருக்கிறது" என்றேன். "உடன்பிறந்தவர் ஒருவர். அண்ணன்."

ஃபைலைப் பின்னால் புரட்டினார். "இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஒருவர் இருக்கிறார். நடுவில் பிறந்தாரா?"

"என்னைவிட ஒன்பது வயது பெரியவர், மேடம்."

"அப்படியானால் மறந்துவிட்டீர்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்லித்தான் அவர் முகம் கெஞ்சியது. அவர் நல்ல மனுஷி. "இல்லை. தெரிந்துதான் எழுதினேன். அவர் பெயர் எங்கள் ஊர்ப் போலீஸ் பட்டியலில் இருக்கிறது. அதனால் மறைத்தேன்."

பேனாவை மூடி வைத்தார். "இதை நான் மேலே அனுப்ப வேண்டும். புதிதாக விசாரணை நடக்கும். மூன்று மாதமோ, அதற்கு மேலோ. அதுவரை பாஸ்போர்ட் எங்களிடம்தான் இருக்கும். என்ன முடிவாகும் என்று என்னால் சொல்ல முடியாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு இதை ஏன் சொன்னீர்கள்?" என்றார்.

"அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். என் அண்ணன் ஏழுமலை என்று ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வந்தது. மேற்படி என்ற வார்த்தையை ஒரு இடத்திலும் போடவில்லை.

அன்றே அண்ணனுக்கும் எழுதிப் போட்டேன். பத்திரிகையில் என் பெயரைப் போடு. தாலுகா ஆபீசுக்கு நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்து ரேஷன் கார்டில் உன் பெயரை ஏற்றிக்கொள், அண்ணி பெயரையும் சேர்த்துவிடு. என்னால் வர முடியாது.

6

முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை. இங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முந்தி ஓடும்; அங்கே ஆறு என்றால் இங்கே எட்டு. எட்டு மணிக்கு ஸ்டோரைத் திறந்தேன். ஒரு மலாய்க்கார ஃபிட்டர் கால் அங்குல வாஷர் கேட்டான். அரை அங்குலம் எடுத்துக் கொடுத்தேன். திட்டிவிட்டுத் திரும்ப வந்தான். மறுபடியும் தவறாகக் கொடுத்தேன்.

இந்நேரம் பம்மல் பந்தலில் அண்ணன் பட்டு வேட்டி நழுவாமல் இருக்க அதை இடுப்பில் முடிச்சுப் போட்டிருப்பான். கழுத்துக்கு மாலை பத்தாமல் இறுக்கியிருக்கும். நாதஸ்வரத்துக்கு மேலாக மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பிப் போயிருக்கும். எல்லாரும் ஒரு நொடி அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஷெட் ஆட்கள் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா வஸ்தாதே, முடிச்சு போட வரலியா?" என்று சத்தம் போட்டிருப்பார்கள்.

செல்லையா மேஜையருகில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, காலையிலேர்ந்து எல்லாத்தையும் மாத்தி மாத்திக் குடுக்கிறே? உடம்பு சரியில்லையா?"

"இல்லண்ணே. எங்க அண்ணனுக்கு இன்னைக்குக் கல்யாணம். இப்ப தாலி கட்டியிருப்பாரு."

"அட! கூடப் பிறந்த அண்ணனுக்குக் கல்யாணம். உனக்கு லீவு வேற குடுத்தாச்சு. அப்ப நீ ஏன்லா இங்க நிக்கிறே?"

"அவர் என் அண்ணன்னு சொல்லிட்டேன், அதனாலதான்" என்றேன்.